முதிய நாயின் மூட்டுவலியும் வீட்டுத் தரையும்

எங்கள் வீட்டு லாப்ரடார் ராணிக்கு இப்போது பன்னிரண்டு வயது நடக்கிறது. இரண்டு இடுப்பு மூட்டுகளிலும் தேய்மானம் இருக்கிறது, இடது பின்னங்காலின் முழங்கால் மூட்டில் அது இன்னும் கூடுதலாக இருக்கிறது என்று அவளுடைய ஒன்பதாம் வயதில் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி மருத்துவர் விளக்கினார். அன்றிலிருந்து இன்றுவரை, மழைக்காலத்தின் சில மோசமான நாட்கள் நீங்கலாக, காலையிலும் மாலையிலும் திருநகர்த் தெருக்களில் அவள் நடந்து வந்துகொண்டிருக்கிறாள். வழியில் அவளைப் பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டு நாயைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "என்ன மாத்திரை கொடுக்கிறீங்க?" மாத்திரை கொடுக்கிறோம், அதைப் பற்றியும் எழுதுகிறேன். ஆனால் அவள் நடமாடுவதற்கு மாத்திரையைக் காட்டிலும் வீட்டுத் தரையில் செய்த மாற்றமும், அவளுடைய சாப்பாட்டுத் தட்டில் செய்த மாற்றமுமே முதற்காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவற்றை யாரும் கேட்பதில்லை என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூட்டு தேய்ந்த நாய் பெரும்பாலும் கத்துவதில்லை, முனகுவதும் குறைவு. அது செய்வதெல்லாம் தன் வேலைகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொள்வதுதான். ராணி முதலில் மொட்டை மாடிக்கு வருவதை நிறுத்தினாள். பிறகு ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் வாசல் கதவுக்கு ஓடி வருவது போய், படுத்த இடத்திலிருந்தே வாலை ஆட்டத் தொடங்கினாள். அவள் எழுந்திருக்கும் விதத்தைக் கவனித்தபோதுதான் விஷயம் முழுதாகப் புரிந்தது. முன்னங்கால்களை நீட்டி ஊன்றி, தோள் பலத்தால் உடம்பை முன்னே இழுப்பாள்; பின்னங்கால்கள் வழவழப்பான டைல்ஸ் தரையில் இருபுறமும் விலகும்; ஒரு நொடி அப்படியே நின்று, மறுபடி ஊன்றி, முதுகைச் சற்று வளைத்துக்கொண்டு எழுவாள். முதல் சில அடிகள் குட்டை குட்டையாக இருக்கும். கொஞ்சம் நடந்த பிறகு நடை சீராகிவிடும். ஓய்வுக்குப் பின் விறைப்பும், நடக்க நடக்க அந்த விறைப்பு தளர்வதும் மூட்டு தேய்மானத்தின் தெளிவான அடையாளங்கள். தொடைச் சதை மெலிவது, மணிக்கட்டையோ முழங்காலையோ விடாமல் நக்குவது, இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்து வைத்துத் தாவுவது, இடுப்பைத் தொட்டால் திரும்பிப் பார்த்து உறுமுவது ஆகியவையும் அதே கணக்கில் வரும். எங்கள் உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும், "வயசாயிருச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று அன்போடுதான் சொன்னார்கள். வயதுக்கு வைத்தியம் கிடையாது, வலிக்கு உண்டு. வலியை வயது என்று எண்ணி விட்டுவிட்டால் அந்த நாய்க்குக் கிடைக்க வேண்டிய சில நல்ல வருடங்கள் போய்விடும்.

மூட்டுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு தேய்கிறது. மூட்டுத் திரவத்தின் வழவழப்பு குறைகிறது. மூட்டைச் சுற்றிய சவ்வு அழற்சி அடைகிறது. விளிம்புகளில் எலும்பு முள் முள்ளாக வளர்கிறது. தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய இனங்களில் இடுப்பு மூட்டின் குழியும் பந்தும் சிறு வயதிலிருந்தே சரியாகப் பொருந்தாமல் இருப்பது அதிகம், அந்தப் பொருத்தமின்மையே பின்னாளில் தேய்மானமாக முடிகிறது.

ஆனாலும், நொண்டுகிற முதிய நாய்க்கெல்லாம் இதே நோய் என்று முடிவு கட்டக்கூடாது. நம் ஊரில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. உண்ணி கடித்து வரும் காய்ச்சல், குறிப்பாக எர்லிக்கியா என்ற கிருமியால் வருவது, தமிழ்நாட்டு நாய்களில் மிகச் சாதாரணம். அது மூட்டுகளை வீங்க வைத்து, நாயை நடக்கவிடாமல் செய்யும். ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் பிடிபட்டுவிடும், டாக்சிசைக்ளின் மருந்தில் குணமாகும். ராணியைக் கொண்டுபோனதும் மருத்துவர் காலைத் தொடுவதற்கு முன்பே, காது மடலைப் புரட்டி, விரல் இடுக்குகளை விரித்துப் பார்த்து, "உண்ணி இருந்துச்சா சார்? காய்ச்சல் அடிச்சுச்சா?" என்றுதான் கேட்டார். திடீரென்று ஒரே நாளில் பின்னங்காலைத் தூக்கிக்கொண்டால் முழங்கால் தசைநார் அறுந்திருக்கலாம். ஒரே இடத்தில் எலும்பு வீங்கி, வாரத்துக்கு வாரம் மோசமானால் எலும்புப் புற்றுநோயை நினைக்க வேண்டும். பாதம் மடங்கி, நகத்தின் மேற்புறம் தரையில் உரசுகிறது என்றால் கோளாறு முதுகெலும்பில் இருக்கக்கூடும். இவற்றைப் பிரித்துச் சொல்வது மருத்துவரின் வேலை. மதுரைக்காரர்களுக்குத் தல்லாகுளத்தில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேலும் பார்க்க வேண்டுமானால் திருநெல்வேலியிலும் தேனியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. போகும்போது, நாய் வீட்டில் எழுவதையும் படி ஏறுவதையும் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். மருத்துவமனைக்குள் நுழைந்த பரபரப்பில் நாய் வலியை மறந்து நன்றாகவே நடந்து காட்டும். அங்கே பார்ப்பதை மட்டும் வைத்து மருத்துவர் எடை போட முடியாது.

இனி தரை. மதுரையில் கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் கட்டிய வீடுகளில் கண்ணாடிபோல் பளபளக்கும் டைல்ஸ் அல்லது கிரானைட் போட்டிருப்பார்கள். இடுப்பு பலமில்லாத நாய்க்கு அதன்மேல் எழுவதும் திரும்புவதும் ஒவ்வொரு முறையும் ஒரு சோதனை. கால் வழுக்கும்போது மூட்டு வெடுக்கென்று விலகுகிறது, வலிக்கிறது, வலிக்குப் பயந்து நாய் எழுவதையே குறைக்கிறது, எழாததால் தொடைச் சதை வற்றுகிறது, சதை வற்றியதால் மூட்டுக்கு இருந்த ஆதரவும் போய்விடுகிறது. மாத்திரை இந்தச் சுற்றின் ஓரிடத்தைத்தான் தொடும். தரையை மாற்றினால் சுற்றே தொடங்காது.

மிதியடிகளையும் பழைய சேலை மடிப்புகளையும் போட்டால் அவையும் சேர்ந்தே வழுக்கும். எங்களுக்குக் கைகொடுத்தது மாட்டுக் கொட்டகையில் விரிக்கும் ரப்பர் விரிப்பு. கனமானது, அடிப்பக்கம் தரையைப் பிடித்துக்கொள்ளும், மேலே வரி வரியாக இருப்பதால் நகம் ஊன்றும், குழாயடியில் போட்டுக் கழுவலாம். பால் பண்ணைச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். முதல் சில நாட்கள் ரப்பர் வாடை வீசும். வெயிலில் காயப்போட்டால் போய்விடும். வீடு முழுவதும் விரிக்க வேண்டிய அவசியம் இல்லை. அவள் படுக்கும் இடம், அங்கிருந்து தண்ணீர்ச் சட்டி, அங்கிருந்து வாசல் என்று அவளுடைய வழித்தடத்தைப் பார்த்து, அதை மட்டும் இடைவெளியில்லாமல் இணைத்தோம். ஒரு விரிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு அடி டைல்ஸ் இருந்தாலும் நாய் அங்கே தயங்கி நின்றுவிடுகிறது. திருப்பங்களில்தான் வழுக்கல் அதிகம் என்பதால் அங்கே விரிப்பு அகலமாக இருக்க வேண்டும். இதோடு நகத்தையும் பார்க்க வேண்டும். நடை குறைந்த நாய்க்கு நகம் தேயாமல் நீண்டு, பாதத்தைத் தரையில் சரியாகப் பதியவிடாது. பாதத்தின் அடிமெத்தைகளுக்கு இடையே வளரும் முடியும் வழுக்கும். அதை மாதம் ஒருமுறை சின்னக் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டிவிடுகிறோம்.

வாசலில் மூன்று படி. மொத்த உயரம் ஒன்றரை அடி இருக்கும். தெருக்கோடியில் இருக்கும் ஆசாரியைக் கூப்பிட்டுச் சாய்தளம் ஒன்று செய்யச் சொன்னபோது அவர் படியின் நீளத்தை ஒட்டி மூன்றடியில் செய்துவிடலாம் என்றார். "அது ரொம்பச் செங்குத்தா இருக்கும்ணே, ஆறடி வேணும்" என்று சொல்லி, பழைய கதவுப் பலகையிலேயே ஆறடி நீளம், இரண்டடி அகலத்துக்குச் செய்தோம். மேலே தேங்காய் நார்ப் பாயை இறுக்கி ஆணி அடித்து, இரண்டு பக்கமும் விரல் உயரத்துக்குச் சட்டம் வைத்தார். சட்டம் வைப்பது அவருடைய யோசனை. பாதம் ஓரத்தில் இறங்கிவிடாமல் அது தடுக்கிறது. சாய்தளத்தைக் கண்டதும் நாய் ஏறிவிடாது. முதலில் அதைத் தரையில் தட்டையாகப் போட்டு, அதன்மேல் சாப்பாட்டை வைத்து, நடந்து பழகவிட்டு, அதன் பிறகே படியில் சாய்த்தோம். மாடிப்படி வாசலில் ஒரு தட்டியைக் கட்டிவிட்டோம். காரில் ஏற்ற வேண்டி வந்தால் இரண்டு பேர் சேர்ந்து, ஒருவர் நெஞ்சுக்கடியிலும் மற்றவர் இடுப்புக்கடியிலும் கைகொடுத்துத் தூக்குகிறோம்.

படுக்கைக்கு இலவம் பஞ்சு மெத்தை. போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து வரும் பஞ்சில் தைத்தது. இரவில் வெட்கை ஏறாது. முழங்கையும் இடுப்பெலும்பும் தரையில் படாத அளவுக்குத் தடிமன் இருக்க வேண்டும், ஆனால் உடம்பு புதைந்துபோகும் அளவுக்கு மெத்தென்றும் இருக்கக்கூடாது. கயிற்றுக் கட்டில் நடுவில் குழிவதால் எழுவதற்குச் சிரமம். கோடையில் அவள் மெத்தையை விட்டுவிட்டுக் குளிர்ந்த தரையைத் தேடித்தான் போவாள், அதைத் தடுப்பதற்கில்லை. அவள் விரும்பிப் படுக்கும் இடத்தைச் சுற்றி எழுந்து நிற்க ரப்பர் விரிப்பு இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம்.

எடையைப் பற்றிச் சொல்லும்போது மனம் கொஞ்சம் கனக்கும், ஏனென்றால் நாம் அன்பு என்று கொடுப்பதைத்தான் குறைக்க வேண்டியிருக்கிறது. நோய் தெரிந்த சமயத்தில் ராணியின் எடை 39 கிலோ. இருக்க வேண்டியது 30 கிலோவுக்குச் சற்று முன்பின் என்றார் மருத்துவர். அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களைக் குட்டிப் பருவம் முதல் வாழ்நாள் முழுவதும் கவனித்து நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. முடிவு 2002இல் வெளியானது. ஒரே ஈற்றில் பிறந்தவற்றை இணை சேர்த்து, ஒன்றுக்குக் கொடுத்ததைவிட மற்றதற்கு 25 விழுக்காடு குறைவாக உணவு கொடுத்தார்கள். குறைவாகத் தின்றவை ஏறத்தாழ 13 ஆண்டுகளும், மற்றவை ஏறத்தாழ 11.2 ஆண்டுகளும் வாழ்ந்தன. மூட்டுவலிக்கு மருந்து தேவைப்பட்ட காலமும் மெலிந்தவற்றுக்கு வெகுவாகத் தள்ளிப்போனது. ஏற்கெனவே நோய் வந்த நாயிலும், உடல் எடையில் ஆறு, எட்டு விழுக்காடு குறைந்தாலே நொண்டல் கண்ணுக்குத் தெரியும்படி குறைவதை வேறு ஆய்வுகள் காட்டியுள்ளன. எந்தச் சத்து மாத்திரைக்கும் இவ்வளவு வலுவான சான்று இல்லை.

எங்கள் வீட்டில் அவளுக்குக் காலை இட்லி அம்மாவிடமிருந்து, மாலை பிஸ்கட் பிள்ளைகளிடமிருந்து, ஞாயிற்றுக்கிழமை பரோட்டாவின் ஓரம் எல்லோரிடமிருந்தும் கிடைத்துக்கொண்டிருந்தது. அம்மாவிடம் இட்லி கொடுக்கக் கூடாது என்று சொன்னதும், "வாயில்லாச் சீவனை வயித்துல அடிக்கச் சொல்றியாப்பா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது; தினமும் தன் கையால் ஒன்றைக் கொடுப்பது அவருக்கும் ராணிக்கும் இடையே இருந்த பழக்கம். அதனால் கொடுப்பதை நிறுத்தாமல் கொடுக்கும் பொருளை மாற்றினோம்: வெள்ளரித் துண்டு, வேகவைத்த காரட், பூசணிக்காய். ராணிக்கு அம்மாவின் கையிலிருந்து வருவதுதான் முக்கியமாக இருந்தது போலும், வெள்ளரியையும் அதே ஆவலோடு வாங்கிக்கொண்டாள். சோற்றைப் பாதியாகக் குறைத்து, தோல் நீக்கிய கோழியும் முட்டையும் காயும் கூட்டி, எல்லாவற்றையும் ஒரே டம்ளரால் அளந்து போட்டோம். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு விழுக்காடு, மிஞ்சினால் இரண்டு விழுக்காடு குறைந்தால் போதும். பட்டினி போட்டால் கொழுப்புக்குப் பதில் சதை கரையும். எடை பார்க்க எங்கள் பகுதி அரிசிக் கடைக்காரர் தன் மூட்டைத் தராசில் அவளை ஏற்றிக்கொள்ள அனுமதித்தார். 31 கிலோவுக்கு வந்தபோது அவள் வாசல்வரை மறுபடியும் ஓடி வரத் தொடங்கியிருந்தாள்.

மருந்து விஷயத்தில் நான் மிகக் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று உண்டு. மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் மருத்துவர் சொல்லாமல் நாய்க்குக் கொடுக்காதீர்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் முதலியவை நாயின் குடலில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு மிஞ்சினால் கல்லீரல் போகும். மருந்துக்கடையில் எளிதாகக் கிடைக்கும் கூட்டு மாத்திரைகளில் இவை ஒன்றோடொன்று சேர்ந்தே இருக்கின்றன. டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது 2006லேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டது. மருந்து ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக மடிந்ததே அதற்குக் காரணம். வலி நிவாரணித் தைலங்களும் களிம்புகளும் அதே அளவு ஆபத்தானவை. நாம் தடவியதை நாய் நக்காமல் விடாது; அவற்றிலுள்ள கற்பூரமும் மெத்தில் சாலிசிலேட்டும் வயிற்றுக்குள் போனால் நஞ்சு.

ராணிக்கு மெலாக்சிகாம் என்ற, வலியையும் அழற்சியையும் தணிக்கும் மருந்தை எடைக்கேற்ற அளவில் மருத்துவர் எழுதிக் கொடுத்தார். தொடங்கும் முன்பு சிறுநீரகம், கல்லீரல் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை. தொடர்ந்து கொடுப்பதால் அவ்வப்போது மறு பரிசோதனை. உணவுக்குப் பின்பே கொடுக்க வேண்டும். வாந்தி, பசியின்மை, தார் போன்ற கறுத்த மலம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்த வகை மருந்தோடு ஸ்டீராய்டு சேரவே கூடாது. முன்பு ஒரு சமயம் வேறோர் இடத்தில் போட்ட ஸ்டீராய்டு ஊசியில் நாய் இரண்டே நாளில் துள்ளுவதைப் பார்த்து அதையே மாதாமாதம் போட்டுக்கொண்டிருந்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். அந்த நாய்க்குப் பசியும் தாகமும் எடையும் ஏறி, மூட்டு முன்னைவிட மோசமானது. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மார்கழிக் காலையிலும் விறைப்பு கூடும் நாட்களுக்கு ராணிக்குக் கபாபென்டின் என்ற நரம்பு வலி மருந்தும் சேர்த்துக் கொடுக்கிறோம். அதைக் காப்ஸ்யூலாக மட்டுமே வாங்க வேண்டும்; மனிதர்களுக்கான திரவ வடிவங்கள் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும், அது நாய்க்கு நஞ்சு.

சத்துப் பொருட்களில் மீன் எண்ணெயின் ஒமேகா-3க்கு ஓரளவு நல்ல சான்று இருக்கிறது. அதை மருத்துவர் சொன்ன அளவில் கொடுக்கிறோம். மத்தி மீன் கிடைக்கும்போது உப்பு, மசாலா இல்லாமல் குக்கரில் நன்றாக வேகவைத்துப் பிசைந்து போடுவதும் உண்டு. மீன் ஈரல் எண்ணெய் வேறு. அதில் வைட்டமின் ஏ மிகுதி, தினசரி ஊற்றக்கூடாது. குளுக்கோசமின் மாத்திரைக்கு விலை அதிகம், சான்று கலவையானது. அந்தப் பணத்தை ரப்பர் விரிப்புக்குச் செலவழிக்கச் சொல்வேன். மஞ்சள் உணவில் கெடுதல் செய்யாது என்றாலும், உடம்பில் சேர்வது மிகக் குறைவு.

நடை நிற்கக்கூடாது, நீளவும் கூடாது. ஒரு மணி நேரம் ஒரே மூச்சில் நடப்பதைவிடப் பதினைந்து நிமிடம் மும்முறை நடப்பது நல்லது. பந்து எறிந்து ஓடவிடுவதும், வெடுக்கென்று திரும்ப வைப்பதும் அடியோடு கூடாது. சித்திரை, வைகாசியில் தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பார்த்து, தாங்க முடியவில்லை என்றால் நாயை இறக்குவதில்லை. விடிவதற்கு முன்பே மண் தரையில் நடந்து முடித்துவிடுகிறோம். அலங்காநல்லூர்ப் பக்கம் என் அப்பாவின் தோட்டத்தில் பம்புசெட் தண்ணீர் விழும் தொட்டி ஒன்று இருக்கிறது, சாய்வாக இறங்கலாம், வயிற்று மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கும். தண்ணீர் உடல் எடையைத் தாங்கிக்கொள்வதால் மூட்டுக்கு வலிக்காமல் சதைக்கு வேலை கிடைக்கிறது. அங்கே போகும் ஞாயிறுகளில் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்க வைக்கிறேன். படிக்கட்டுக் கிணற்றிலும், ஆழம் தெரியாத கண்மாயிலும் முதிய நாயை இறக்கவே கூடாது.

அதே தோட்டத்தில் ராணியை ஒத்த வயதுடைய சிப்பிப்பாறை நாய் ஒன்று இருக்கிறது. முன்னங்காலில் பழைய எலும்பு முறிவு. அந்த மூட்டு தேய்ந்துதான் இருக்கிறது. ஆனால் விலா தெரியும் உடம்பும், மண் தரையும், நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிற பழக்கமும் சேர்ந்து அதை இன்றும் வரப்பில் நடமாட வைத்திருக்கின்றன. அதற்கு நாங்கள் செய்ய வேண்டியிருந்தது முழங்கையில் காய்ப்பு வெடிக்காமல் இருக்க மடித்த சாக்கு விரிப்பது மட்டுமே.

விறைப்பு மிகுந்த காலைகளில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டால் இடுப்பிலும் முழங்காலிலும் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுக்கிறோம். சூட்டை முதலில் நம் மணிக்கட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். மூட்டு புதிதாக வீங்கிச் சூடாக இருந்தால் வெந்நீர் கூடாது, குளிர் ஒத்தடம்தான். எழ முடியாத நாட்களில் நீளத் துண்டு ஒன்றை அடிவயிற்றுக்குக் கீழே, தொடைகளை ஒட்டிக் கொடுத்து இருபுறமும் பிடித்துத் தூக்கினால் பின்பாதியின் பாரம் நம் கைக்கு வந்துவிடும், அவளால் சிறுநீர் கழிக்கப் போய் வர முடியும்.

இதெல்லாம் ஒருநாள் போதாமல் போகும் என்பதும் தெரியும். விரும்பிச் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, கழிவைத் தன்மேல் படாமல் கழிக்கிறாளா, ஆட்கள் வந்தால் தலை தூக்கிப் பார்க்கிறாளா என்ற நான்கையும் நாள்காட்டியில் தினமும் குறித்து வருகிறோம். கெட்ட நாட்கள் நல்ல நாட்களைத் தாண்டினால் அடுத்த முடிவைச் சேர்ந்து பேசுவோம் என்று மருத்துவரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறோம். இப்போதைக்கு நல்ல நாட்களே மிகுதி. அடுத்த ரத்தப் பரிசோதனை ஆவணியில் வருகிறது. அதில் சிறுநீரகக் கோளாறைக் காட்டும் அளவுகள் கூடியிருந்தால் மெலாக்சிகாமைக் குறைத்தோ நிறுத்தியோ கபாபென்டினைக் கூட்டலாம் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறார். அப்படி மாற்ற வேண்டி வந்தால் தோட்டத்துத் தொட்டியில் நடக்க வைப்பதை வாரம் இருமுறை ஆக்கிவிடலாம் என்று அப்பாவிடம் பேசி வைத்திருக்கிறேன்.